ராஜாவை இடித்த நிலைப்படி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மாங்கனூர் என்று ஒரு நாடு இருந்தது. அதைக் கனகவர்மர் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுதான். ஆனால் வலி மட்டும் தாங்கமாட்டார். கொசு கடித்தால் குளத்தையே தூர்க்கச் சொல்வார். ஜனங்கள் கொசுவைவிட ராஜாவுக்குத்தான் பயந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ராஜா சபைக்குள் நுழைந்தபோது, கால் கட்டைவிரல் நிலைப்படியில் இடித்து நகம் பெயர்ந்துவிட்டது. குழந்தை இடித்துக்கொண்டு அழுதால், தரையை ரெண்டு தட்டுத் தட்டிச் சமாதானம் செய்வோம் இல்லையா? ராஜாவுக்கு யார் தட்டுவது? அவரே ஊரைத் தட்டக் கிளம்பிவிட்டார்.

"இந்தப் படியைப் பெயர்த்துப் போடுங்கள்! பொழுது சாய்வதற்குள் நாட்டில் ஒரு வீட்டிலும் நிலைப்படி இருக்கக் கூடாது!"

ஊர்ப் பெண்கள் அப்போதுதான் நிலைப்படிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து முடித்திருந்தார்கள். கடப்பாரையோடு சேவகர்கள் வந்து நிற்கவும், உட்காரக் கூடாத அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதார்கள்.

மந்திரி அம்பலவாணர் ராஜாவிடம் போனார். "மகாராஜா, விரல் நாலு நாளில் ஆறிவிடும். பெயர்த்த வாசல் ஆறாதே. கொஞ்சம் பொறுங்களேன்."

பக்கத்தில் அரண்மனை அதிகாரி பூவராகர் நின்றிருந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "பொறுமை பேசுகிறவருக்கு விரல் நன்றாக இருக்கிறது மகாராஜா! அவருக்கு வலிக்கட்டும், அப்போது பார்ப்போம்."

"சரியாகச் சொன்னீர்!" என்றார் ராஜா. "மந்திரியாரே, பூவராகர் உம்மை நோகடிக்கட்டும். நீர் நிதானமாக இருந்தால் நிலைப்படிகள் பிழைக்கும். ஒரு கோபச்சொல் வந்தாலும் உம் பதவி அவருக்கு. உம் வீட்டுப் படியைத்தான் முதலில் பெயர்ப்போம்."

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து தரும் தாம்பூலத்தைத் துப்பக் கூடாது. பூவராகர் சிரித்துக்கொண்டே வெற்றிலையை எடுத்தார். சுவருக்குப் பூசுகிற மாதிரி சுண்ணாம்பைப் பூசி, மடித்து நீட்டினார்.

அம்பலவாணர் வாயில் போட்டு மென்றார். நாக்கு வெந்துபோயிற்று. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்ன மந்திரியாரே, ருசியில் கண் கலங்குகிறதோ?" என்றார் பூவராகர்.

மந்திரி ஒரு விரலை உயர்த்தி, இருங்கள் என்று காட்டினார். எரிச்சல் அடங்கச் சைகையாலேயே ஒரு துண்டுத் தேங்காய் வரவழைத்து மெதுவாக மென்றார். பிறகு சொன்னார்: "வலிக்கிறது மகாராஜா. ரொம்ப வலிக்கிறது."

"கோபம் வரவில்லையா?"

"வந்தது. வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். முதலில் தேங்காய்."

சபை சிரித்தது. மந்திரி கைகூப்பினார்.

"ஒரே ஒரு உத்தரவு வேண்டும் மகாராஜா. உங்களை இடித்தது நிலைப்படி, அதனால் எல்லாப் படியும் போகிறது. என்னைச் சுட்டது தாம்பூலம். நாட்டிலுள்ள வெற்றிலைக் கொடிக்காலையெல்லாம் பிடுங்கிவிடலாமா?"

வெற்றிலை இல்லாமல் ஒரு நாழிகை இருக்கமாட்டார் ராஜா. பெட்டியை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "ஐயையோ! கொடிக்கால் என்னய்யா பாவம் செய்தது?"

ராஜா தன் விரலைப் பார்த்தார். பெயர்த்துப் போட்ட படியைப் பார்த்தார்.

"அதுவும் ஒன்றும் செய்யவில்லை," என்று முணுமுணுத்தார். "நான்தான் பார்க்காமல் வந்தேன்."

உடனே பூவராகர் பக்கம் திரும்பினார். "சுண்ணாம்பு பூசின அந்தக் கையை..."

"வேண்டாம் மகாராஜா," என்றார் மந்திரி. "பூசுவதில் நல்ல கை. படியைத் திரும்ப வைத்து மஞ்சள் பூசட்டும்."

முழங்கை வரைக்கும் மஞ்சளாகப் பூவராகர் குனிந்திருக்க, "ஓரத்தில் விட்டுப்போச்சுங்க ஐயா!" என்று வேடிக்கை பார்க்க வந்த ஊர்ப் பெண்கள் வேலை வாங்கினார்கள்.

ராஜா தன் வெற்றிலைப் பெட்டியையே மந்திரிக்குப் பரிசாகக் கொடுத்தார். "இனி நீரே மடித்துக்கொள்ளும்."

"இன்றைக்கு மட்டும் வேண்டாம் மகாராஜா," என்று கும்பிட்டார் மந்திரி.

மறுநாள் அதே படியில் அதே விரல் மறுபடியும் இடித்தது. சேவகர்கள் கடப்பாரையைத் தேடினார்கள். ராஜா "அம்மா!" என்று உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிலைப்படியைச் செல்லமாக ரெண்டு தட்டுத் தட்டினார்.

"கொஞ்சம் எண்ணெய் கொண்டு வாங்கப்பா," என்றார்.