சேற்றில் நடந்து வந்தவர்கள்

“அம்மா, அந்த அறக்கட்டளையைக் கலைச்சிடப் போறேன்,” என்றார் உப்பு வியாபாரி மாசிலாமணி.

கஞ்சி மடத்து வேலம்மை அடுப்பிலிருந்து பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். ஆனாலும் அவளிடம் கேட்காமல் அவர் எந்தக் காரியத்திலும் இறங்கியதில்லை.

“ஏன் அண்ணாச்சி?”

“செத்துப்போன என் வீட்டுக்காரியோட நகையைப் போட்டு ஆரம்பிச்சது. மழை விழுந்தா உப்பளத்துல மூணு மாசம் வேலை கிடையாது. ‘இல்லாதவர்கள் வந்து அரிசி வாங்கிக்கொள்ளலாம்’னு தமுக்கடிச்சுச் சொன்னேன். நாப்பது நாளாச்சு. ஒரு ஆள் வரல.”

“தேவை இல்லையோ என்னவோ.”

“ஒரு கூரையிலயும் புகையைக் காணோம். அத்தனையும் திமிரு. கோயில் தேருக்குக் கொடுத்திடறேன். தேர் வேண்டாம்னு சொல்லாது.”

வேலம்மை சிரித்தாள். “சாப்பிட்டீங்களா?”

“வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு. காலையிலேருந்து நடை.”



மடத்து முற்றத்தில் உப்பளத்து ஆட்கள் இருபது பேர் மழைக்கு ஒதுங்கியிருந்தார்கள். வழக்கமாக ஒன்றும் பேசாமல் கஞ்சி ஊற்றுகிறவள், அன்று குரல் கொடுத்தாள்.

“இல்லாதவங்க மட்டும் எழுந்து வாங்க.”

ஒருவரும் அசையவில்லை. ஒரு பெண் மழையைப் பார்த்தாள். ஒருவன் பீடியைத் தேடுவதுபோல் மடியைத் துழாவினான். மாசிலாமணியின் வயிறு சத்தம் போட்டது. இருமி மறைத்தார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு?”

“எனக்கென்ன குறை!”

பானையில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

“சரி. சேத்துல நடந்து வந்தவங்க வாங்க.”

முற்றமே எழுந்தது.

“எனக்கு இடுப்பு வரைக்கும் சேறு!”

“உனக்கு முழங்கால்தாம்லே. பின்னால போய் நில்லு.”

கையில் கஞ்சி வாங்கும் பனையோலைப் பட்டையோடு தானும் வரிசையில் நிற்பதை மாசிலாமணி சற்றுக் கழித்துத்தான் கவனித்தார்.

முன்னால் நின்றவளின் குதிகால்கள் கண்ணில் பட்டன. உப்பு தின்ற கால்கள். வெடிப்புக்குள் வெடிப்பு.

அவர் மனைவியும் கல்யாணத்துக்கு முன் உப்பு சுமந்தவள்தான். முப்பது வருஷம், புடவைக் கரையை இழுத்து இழுத்து, அந்தக் கால்களை அவரிடமிருந்தே மறைத்துக்கொண்டாள்.

வரிசை நகர்ந்தது. அவர் முறை வந்தது.

“தேருக்குக் கொடுக்கல அம்மா. நாளைக்கு மறுபடி தமுக்கடிக்கச் சொல்றேன். உப்புல கால் வெடிச்சவங்க, கால் ஆறுற வரைக்கும் அரிசி வாங்கிக்கலாம்னு.”

அவள் கஞ்சியை ஊற்றத் தொடங்கினாள்.

“ஏன் அம்மா, இந்த உப்பளத்துல கால் வெடிக்காதவங்கன்னு யாராவது இருக்காங்களா?”

“பட்டையை நேராப் பிடிங்க அண்ணாச்சி,” என்றாள் வேலம்மை. “சிந்துது.”