தூரத்தைப் பங்கு போட்ட ஐவர்

சாலிப்பட்டிச் சமையல் கோஷ்டியில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் கை மணம் உண்டு, மூளைதான் கொஞ்சம் சிக்கனம். தலைவர் உலகநாதன்.

டொராண்டோவில் ஒரு கல்யாணம். மாலை வரவேற்பு விருந்துக்கு இவர்கள்தான் வேண்டும் என்று பெண்ணின் தகப்பனார் ஒற்றைக் காலில் நின்றார். சென்னையிலிருந்து பதின்மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், பயணம் இருபது மணி நேரம், அதனால் முதல் நாளே வந்துவிடுங்கள் என்று போனில் படித்துப் படித்துச் சொன்னார்.

உலகநாதன் யோசித்தார். ஒரு மூட்டை வெங்காயத்தை ஒருத்தர் உரித்தால் ஒரு நாள். ஐந்து பேர் உட்கார்ந்தால் காலை டிபனுக்குள் முடிந்துவிடும். ஆக, ஒருத்தருக்கு இருபது மணி என்றால் ஐவருக்கு நாலு மணி.

உதவிச் சமையல் பிச்சாண்டிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"அண்ணே, வெங்காயத்தைப் பிரிச்சுக்கலாம். தூரத்தை எப்படிப் பிரிக்கிறது?"

"ஏறி உக்காந்தா தானாப் பிரியும். முதல் நாளே போயி ஊரான் வீட்ல சும்மா தின்னுக்கிட்டு இருக்கவா?"

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்குப் புறப்பட்டார்கள். விமானத்தில் முந்நூறு பேரைப் பார்த்ததும் உலகநாதனுக்கு வாயெல்லாம் பல். இத்தனை ஆள் இருந்தால் உளுந்து ஊறுவதற்குள் போய்விடலாம்.

சாப்பாடு வந்தது. மறுபடியும் சாப்பாடு வந்தது. ஜன்னலுக்கு வெளியே இன்னும் மேகம்தான். உலகநாதனுக்கு அங்கே ஐந்நூறு பேர் இலை முன்னால் உட்கார்ந்து வெறும் இலையைப் பார்ப்பது கண்ணில் தெரிந்தது. முப்பது வருஷப் பேர் இன்றோடு போயிற்று.

எழுந்து நின்று பார்த்தார். விஷயம் புரிந்தது. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஐவரும் ஆளுக்கொரு வரிசையாக எழுப்பத் தொடங்கினார்கள். கண்ணைக் கசக்கிய ஒரு பெரியவரிடம் உலகநாதன் கைகூப்பினார்.

"ஐயா, உங்க பங்குக்குக் கொஞ்சம் முழிச்சிருங்க. எல்லார் தூரத்தையும் நாங்களே இழுக்க முடியல."

பணிப்பெண் வந்து அதட்டி உட்கார வைத்தாள். நடுவழியில் விமானம் மாறினார்கள். அங்கேயும் அதே எழுப்பல், அதே அதட்டல்.

டொராண்டோவில் இறங்கியதும் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்தார்கள். அந்த ஊர் மணிப்படி அன்றைக்கே மாலை நாலரை. இருபது மணிப் பயணம் பத்தரை மணியில் முடிந்திருந்தது. எழுப்பியது வீண்போகவில்லை என்று உலகநாதன் அங்கேயே அழுதுவிட்டார்.

விருந்து எட்டரைக்கு. அடித்துப் பிடித்து அடுப்பு மூட்டினார்கள். சாம்பார் கொதிக்கும்போது பிச்சாண்டி மெல்லக் கேட்டான்.

"அண்ணே, பாதிப் பேரு தூங்கியும் பாதி நேரம் மிச்சம். திரும்பிப் போறப்ப எல்லாரையும் எழுப்பிட்டா?"

உலகநாதன் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒருத்தனையும் எழுப்பாத. நாமளும் தூங்கிருவோம். ரொம்ப வெரசாப் போயிட்டா, இங்க சமைச்சிட்டு இருக்கும்போதே அங்க போயி நின்னுருவோம். அப்புறம் இந்தச் சாம்பார யாருடா இறக்குறது?"