கறுத்த கோடு

கழுகுகூட பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும், அத்தனை உயரம் கரடிமலை. அதன் உச்சியில் வடிவாயி என்ற துறவி இருந்தாள். வயது முப்பதுதான். எந்தக் கல்லைக் கையில் கொடுத்தாலும் அதன் பூர்வீகம் சொல்வாள்.

அவளுடைய சீடன் சேந்தனுக்கு ஐம்பத்தைந்து வயது. மலைத்தலைவனிடம் நோட்டக்காரன். எது பொன், எது போலி என்று சொல்வது அவன் வேலை.

ஒரு காலையில் சேந்தன் மேல்துண்டுகூட இல்லாமல் ஓடி வந்தான். கைக்குள் ஒரு மஞ்சள் கல் மின்னியது. புதுக் குகையில் கிடைத்ததாம். தலைவன் நேற்றுத் தோளில் கைவைத்துக் கேட்டபோது சேந்தன் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, பொன் என்று சொல்லிவிட்டான். இரவெல்லாம் சந்தேகம். இன்று உச்சிவேளையில் தலைவன் அவன் இருக்கும் இடத்துக்கே வந்து இரண்டாம் முறை கேட்பான். அது அங்கே வழக்கம். சொன்னது பொய்த்தாலும், சொல்லை மாற்றினாலும் தண்டனை ஒன்றே: நோட்டக்காரனை அந்தக் குகைக்குள் தள்ளி, வாசலைக் கல் வைத்து அடைத்துவிடுவார்கள். முன்பு அடைத்த ஒருவன் ஒன்பது நாள் உள்ளிருந்து தட்டிக்கொண்டே இருந்தானாம்.

வடிவாயி அவனுடைய உரைகல்லை வாங்கிப் பார்த்தாள்.

"இதைத் துடைச்சியா?"

அவன் துடைக்கவில்லை. பழைய நகை உரைத்த மஞ்சள் கோடு அதிலேயே இருந்தது. அதன்மேல்தான் தேய்த்திருக்கிறான்.

"அழுத்தித் தேய்ச்சியா?"

சேந்தன் தலைகுனிந்தான்.

"தேய்க்கலை. தடவிக் கொடுத்திருக்கே."

உடைந்த வெள்ளைக் கல் ஒன்றை நீட்டினாள். மஞ்சள் கல்லை அதில் அழுத்தித் தேய்த்தான். மஞ்சள் வரவில்லை. பச்சை ஓடிய கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"நிமிளை" என்றான். பொன் மாதிரி மினுக்கும் போலிக் கல்.

உச்சிவேளை நெருங்க, கீழே பறை கேட்டது. ஆட்கள் கல் சுமந்து ஏறி வருவது தெரிந்தது. பொன் என்றே சொல்லிவிட்டு, அவர்கள் கல்லை உருக்க உலை மூட்டுவதற்குள் பின்பக்கச் சரிவில் இறங்கி ஓடிவிடலாமா என்று கேட்டான். வழி இருக்கிறது, முள்தான் கொஞ்சம் அதிகம் என்றாள்.

"தாயே, பயமில்லாம இருக்கிறது எப்படி?"

அவள் சுத்தியலை எடுத்தாள். மஞ்சள் கல்லில் ஒரு துண்டைப் பட்டறைக்கல்லில் வைத்து அடித்தாள். பொறி பறந்தது, கந்தகம் நாறியது, துண்டு பொடிப்பொடியாகச் சிதறியது. பிறகு தன் பொன் மூக்குத்தியைக் கழற்றி வைத்து அடித்தாள். அது பூவிதழ் மாதிரி விரிந்தது.

"பொன்னுக்குச் சுத்தியல்னா பயமில்லையா?" என்றான் சேந்தன்.

"கேட்டுப் பார்த்தேன். அது பதில் சொல்லலை. தட்டையாச்சு, அவ்வளவுதான்."

பறை வாசலில் நின்றது.

சேந்தன் சுத்தியலையும் கல்லையும் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகவே போனான். தலைவன் முன்னால் கல்லை வைத்து ஓங்கி அடித்தான். பொறி தெறித்தது. நாற்றத்தில் தலைவன் தும்மிய தும்மல் மூன்று நாள் மலையில் சுற்றிக்கொண்டிருந்தது என்பார்கள்.

"நேத்துப் பொன், இன்னைக்கு இல்லையா?" என்றான் தலைவன்.

"நேத்துப் பயந்துக்கிட்டே தடவினேன், ஐயா. இன்னைக்குப் பயந்துக்கிட்டே அழுத்தினேன்."

கல் சுமந்தவர்கள் சுமையை இறக்காமல் தலைவன் முகத்தையே பார்த்தார்கள். அவன் வெகுநேரம் பொடியைக் காலால் கிளறிக்கொண்டிருந்தான். பிறகு வாசலில் நின்ற வடிவாயியிடம் கேட்டான்.

"அம்மை, சொல்லை மாத்துற இவனை இனி எப்படி நம்புறது? இவன் பொன்னா, நிமிளையா?"

வடிவாயி நடுங்கிக்கொண்டு நிற்கும் சேந்தனைப் பார்த்தாள்.

"இப்பத்தானே இவன் மேலயும் அடி விழுந்தது. உடைஞ்சிருக்கா, நீங்களே பாருங்க."