எழுந்து நிற்காத எழுத்தர்கள்

காகிதம் என்றால் என்னவென்றே தெரியாத காலத்துக் கதை இது. இடுப்பு வலிக்காரர்கள் கொஞ்சம் முன்னால் வந்து கேளுங்கள்.

செந்நெல் நாட்டை இளம்பரிதி என்ற மன்னன் ஆண்டுவந்தான். அவன் அரண்மனையில் ஏழு எழுத்தர்கள். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓலை எழுதினார்கள்.

ஒருநாள் மன்னன் அங்கே திடீரென்று வந்தான். மன்னன் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பது முறை. ஏழு பேரில் ஒருவர்கூட எழவில்லை.

"என்ன திமிர்!" என்று மன்னன் கொதித்தான்.

மூத்த எழுத்தர் நல்லாண்டான் கும்பிட்டார். "மன்னா, மனசு எப்பவோ எழுந்து நின்னுடுச்சு. இந்த முழங்கால்தான் வரமாட்டேங்குது."

"ஒரு மாதம் தருகிறேன். அதற்குள் எழாதவருக்கு இங்கே வேலை இல்லை!"

ஏழு வீட்டிலும் அன்று யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அவர்களை எழவைக்கும் பொறுப்பு அமைச்சர் தலையில் விழுந்தது. பாவம், நல்ல மனுஷர்தான். முதல் வாரம் இலவம்பஞ்சு மெத்தை போட்டார். முழங்கால் மடங்கியபடியே இருந்தது. இரண்டாம் வாரம் முதுகுக்குத் திண்டு வைத்தார். முதுகும் வளைந்தது. மூன்றாம் வாரம் ஓலை எடுத்துத் தர, கீறிய எழுத்துத் தெரிய மை தடவ, தண்ணீர் புகட்ட என்று ஆளுக்கு மூன்று பணியாளர்களை நிறுத்தினார். எழுத்தர்கள் குறட்டை விட்டார்கள். ஒருவர் தூக்கக் கலக்கத்தில் ஒரே வரியை ஒன்பது முறை எழுதியிருந்தார்.

எழுதுவதற்காகப் பனையோலையை வேகவைத்துப் பதப்படுத்தும் செங்காத்தாளுக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, நாள் முழுக்க ஓலை சுமக்கிறேன், அலசுறேன், காயப்போடுறேன். எனக்குக் கால் மடங்கிப் போகலையே? இவங்க உட்கார வசதி பண்ணுனீங்க, சரி. எழுந்திருக்க ஒரு காரணம் குடுத்தீங்களா?"

அமைச்சர் தலையைச் சொறிந்துகொண்டு வழிவிட்டார்.

அவள் பணியாளர்களை அனுப்பிவிட்டாள். வெற்று ஓலையைக் கிணற்றடியில் வைத்தாள். மைச்சட்டியைத் தெற்குச் சுவரோரம் வைத்தாள். ஓலை கோக்கும் கயிற்றை நின்றால்தான் எட்டும் உயரத்தில் கட்டினாள். பத்து ஓலை எழுதியவர் தானே போய் மை தடவி, தானே கோத்து, தானே அடுத்த பத்தை எடுத்துவர வேண்டும்.

முதல் நாள் முனகல். மூன்றாம் நாள் நொண்டல். எட்டாம் நாள் கிணற்றடியில் ஊர்வம்பும் சிரிப்பும். ஆனால் ஓலை முன்னைவிட அதிகமாக முடிந்தது, பிழையும் குறைந்தது.

மாதம் முடிந்து மன்னன் வந்தான். ஆறு பேர் மைச்சட்டியருகிலும் கயிற்றடியிலும் நின்று வேலையாக இருந்தார்கள். எழுதிக்கொண்டிருந்த நல்லாண்டான் சட்டென்று எழுந்தார். எழுந்ததை அவராலேயே நம்ப முடியவில்லை. மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்து பார்த்தார்.

மன்னன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு வெட்கப்பட்டான். "அன்று நீங்கள் எழாதது உங்கள் குற்றமில்லை. எழவே விடாத வேலையைக் கொடுத்தது என் குற்றம்" என்றான்.

ஆகவே கேட்டவர்களே, வேலையால் உடம்பு நொந்தால் ஆளை ஏசக்கூடாது, வேலை செய்யும் விதத்தைத்தான் மாற்ற வேண்டும்.