நத்தை வாளி மேல உக்காந்த அம்பலவாணர்

ஒரு ஊர்ல ஒரு சட்டாம்பிள்ளை இருந்தார். பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை இல்ல பாப்பா, அறுபத்தெட்டு வயசுச் சட்டாம்பிள்ளை. பேரு அம்பலவாணர். மலை மேல, மப்ளர் இல்லாம வெளிய போக முடியாத ஒரு குளிர் ஊரு. அங்க இருபது வீடு இருக்கற ஒரு காலனி. அந்தக் காலனிக்கு அவர்தான் தலைவர். யாரு ஓட்டுப் போட்டாங்கன்னு கேக்காதே. அவரே ஒரு நாற்காலியைக் கொண்டு வந்து போட்டார், அவரே உக்காந்துக்கிட்டார். அவ்ளோதான் தேர்தல். ம் சொல்லு.

காலனியில எங்க திரும்பினாலும் அவர் எழுதின போர்டுதான் தொங்கும். "இங்கே துணி காயப்போடக் கூடாது." "இங்கே பந்து விளையாடக் கூடாது." "இங்கே நாய் குரைக்கக் கூடாது." நாய்க்கு எழுத்துக் கூட்டத் தெரியாதுல்ல? அது அந்த போர்டுக்குக் கீழயே உக்காந்து லொள் லொள்னு குரைக்கும்.

அவர் வீட்டம்மா பேரு உமையாள். அதிகம் பேச மாட்டாங்க. ஸ்வெட்டர் பின்னிக்கிட்டே இருப்பாங்க. பேசினா ஒரு வரி. அந்த ஒரு வரியில அவர் ரெண்டு நாளைக்குத் தூங்க மாட்டார்.

அவர்கிட்ட ஒரு பூந்தோட்டம் இருந்துச்சு. டேலியா தெரியும்ல? சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூக்கும். செவப்பு, மஞ்சள், கத்திரிப்பூ நிறம். வருஷா வருஷம் சித்திரையில அந்த ஊர்ல வீட்டுத் தோட்டப் போட்டி வைப்பாங்க. முதல் பரிசு வெள்ளிக் கோப்பை. ரெண்டாம் பரிசு எவர்சில்வர் டப்பா. அம்பலவாணர் வீட்டுல பதினோரு எவர்சில்வர் டப்பா இருந்துச்சு. புரியுதா? உமையாள் ஒண்ணுல மிளகாய்த்தூள் போட்டு வெச்சிருந்தாங்க. அதைப் பாக்கறப்பல்லாம் அவருக்குக் கண்ணு எரியும், மூடி திறக்காமலே.

போன வருஷம் என்னாச்சுன்னா, முதல் பரிசு பக்கத்து வீட்டு பிலோமினா டீச்சருக்குப் போக இருந்துச்சு. நடுவரம்மா பேனா மூடியைத் திறந்தாச்சு. அப்போ இவர் தபதபன்னு ஓடிப் போய், ஒரு இலையைத் திருப்பிக் காட்டினார். அடியில ஒரு நத்தை. ஒண்ணே ஒண்ணு. "நத்தை இருக்கற தோட்டத்துக்குப் பரிசா?"ன்னு ஒரு கத்து. உடனே சட்டமே எழுதிட்டாங்க: நத்தை இருக்கற தோட்டத்துக்குப் பரிசு கிடையாது. டீச்சர் கைக்கு வர இருந்த கோப்பை வேற யாருக்கோ போச்சு. இவருக்கு வழக்கம் போல டப்பா.

அப்புறம் இந்த வருஷம் பனி முடிஞ்சுது. மாசியில செடி நட்டார். பங்குனியில சொட்டு சொட்டா முதல் மழை. மொட்டு விட்டுச்சு. ஒரு நாள் காலைல போய்ப் பாக்கறார், இலையெல்லாம் சல்லடை மாதிரி ஓட்டை! தரையெல்லாம் வெள்ளிக் கோடு, யாரோ பசையைத் தடவிட்டுப் போன மாதிரி பளபளன்னு. குனிஞ்சு பாத்தா... சளக்.

நத்தைதான். ஆனா முதுகுல ஓடு கிடையாது. ஓடு இருக்கற நத்தையோட சித்தி பொண்ணுன்னு வெச்சுக்கோ. சொந்த வீடும் இல்ல, வாடகை வீடும் இல்ல. ஆனா சாப்பாடு மட்டும் மாப்பிள்ளைச் சாப்பாடு. ஒண்ணு இல்ல ரெண்டு இல்ல, ஒரு கல்யாணக் கூட்டமே இருந்துச்சு.

அம்பலவாணருக்கு வேர்த்துப் போச்சு. யார்கிட்டயாவது சொன்னா? அவர் எழுத வெச்ச சட்டம் அவர் தலையிலயே விழும். ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது! அப்போ அவருக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியத்தைப் பண்ணினார். என்ன? ம்... அதேதான். சின்னதா ஒரு அட்டையில "உள்ளே வரக் கூடாது"ன்னு எழுதி, செடிக்கு நடுவுல நட்டு வெச்சார்.

காலைல பாத்தா அட்டை பாதி இல்ல. "கூடாது"வைத் தின்னுட்டுப் போயிடுச்சுங்க. "உள்ளே வர" மட்டும் நிக்குது.

அப்போ உமையாள் ஊசியை நிறுத்தாமலே சொன்னாங்க. "எங்கப்பா டீ எஸ்டேட்டுல கணக்கப்பிள்ளையா இருந்தப்போ, துரை பங்களாத் தோட்டத்துல சாம்பல் தூவுவாங்க."

சாம்பலுக்கு எங்க போறது? எல்லார் வீட்டுலயும் கேஸ் அடுப்பு. ஊர்லயே கரி போடறது இஸ்திரிக்காரர் சின்னக்கண்ணு ஒருத்தர்தான். அவரைத்தான் ரெண்டு வருஷம் முன்னாடி "புகை வருது"ன்னு காலனியை விட்டே துரத்தியிருந்தார் நம்மாளு. இப்போ ரோட்டு முனை வரைக்கும் நடந்து போய் நின்னார்.

"சாம்பல் வேணும்ப்பா."

"எதுக்குங்கய்யா?"

"பல்லு விளக்க."

"எவ்ளோங்க?"

"ரெண்டு மூட்டை."

சின்னக்கண்ணு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிமித்தி வெச்சார். "ஐயாவுக்கு மொத்தம் எத்தனை பல்லுங்க?"

ரெண்டு மூட்டையையும் தூவினார். தோட்டம் சுடுகாடு மாதிரி ஆச்சு. சாயங்காலம் சடசடன்னு ஒரு மழை. சாம்பல் கூழாப் போச்சு. நத்தைங்க அது மேல சர்ர்ருன்னு சறுக்கிக்கிட்டே வந்துச்சுங்க. அதுல ஒரு பொடி நத்தை, "பாட்டையா, இன்னொரு தடவை சறுக்கலாமா?"ன்னு கேட்டுச்சு. கிழட்டு நத்தை, "மொதல்ல சாப்பிடு"ன்னுச்சு. உன்னை மாதிரிதான் அதுவும். ம்?

அப்புறம் உமையாள் சொன்னாங்க. "முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவாங்க. கால்ல குத்துமாம்."

"நத்தைக்கு ஏதுடி காலு?"

"போர்டு படிக்கக் கண்ணு மட்டும் இருந்துச்சாக்கும்?"

அம்பலவாணர் சைவம். பிலோமினா டீச்சர் வீட்டுல ஆம்லெட் போட்டா, இவர் இங்க ஊதுபத்தி கொளுத்துவார். "முட்டை வாசனை வேலியைத் தாண்டக் கூடாது"ன்னு அவங்க வேலியிலயே போர்டு மாட்டினவர். இப்போ அந்த போர்டுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, "டீச்சர்... டீச்சர்..."னு பூனை மாதிரி கூப்பிட்டார்.

"என்னங்கய்யா, வாசனை வந்துருச்சா?"

"இல்ல... முட்டை ஓடு இருக்குமா? மூட்டு வலி. அரைச்சுத் தடவணும்."

டீச்சர் அவரை மேலயும் கீழயும் பாத்தாங்க. "ஓடு மட்டும் எதுக்குங்கய்யா? ஆசைன்னா முட்டையாவே சாப்பிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்ல மாட்டேன்னு சொன்னாங்கல்ல? அன்னிக்கு மத்தியானமே இருபது வீட்டுக்கும் தெரிஞ்சுபோச்சு. எல்லாரும் பாவம்னு ஆளுக்கொரு பை ஓடு கொண்டு வந்து கேட்ல மாட்டிட்டுப் போனாங்க. மொறுக் மொறுக்னு நொறுக்கிப் போட்டார். அன்னிக்கும் நத்தைங்க வந்துச்சு. வழவழன்னு சளியை விட்டு, அது மேல பட்டுக் கம்பளத்துல போற மாதிரி போச்சுங்க. கிழட்டு நத்தை, "நமக்குன்னு ஜல்லி ரோடு போட்டிருக்காரு, நல்ல மனுஷன்"னுச்சு.

போட்டிக்கு இன்னும் மூணே நாள். பூவெல்லாம் விரிய ஆரம்பிச்சாச்சு. அவர் உமையாள் முன்னாடி வந்து உக்காந்தார். "வேற என்ன பண்ணுவாங்க உங்க துரை?"

"சொன்னா செய்ய மாட்டீங்க."

"சொல்லுடி."

"கிண்ணத்துல பீர் ஊத்தி வெப்பாங்க. நத்தைக்கு அந்த வாசனைன்னா உசுரு. வந்து குடிச்சிட்டு அதுலயே விழுந்து கிடக்கும்."

கடவுளே! அம்பலவாணர் யாரு? ஊர் மது ஒழிப்புச் சங்கத்துக்கே தலைவர். மாசம் ஒரு தடவை கொடி பிடிச்சுக்கிட்டு ஒயின்ஷாப் வாசல்ல போய், "குடி குடியைக் கெடுக்கும்"னு கோஷம் போடறவர். ஒரு நாள் பூரா யோசிச்சார். பக்கத்துல பதினோரு டப்பாவும் வரிசையா உக்காந்து அவரைப் பாத்துச்சு. அப்புறம் குரங்குக் குல்லாவை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டுக் கிளம்பினார்.

வரிசையில நின்னார். முன்னாடி நாலு பேரு. கடைக்காரர் எட்டிப் பாத்தார்.

"ஐயா, மறியலா? கொஞ்சம் ஓரமா நின்னு கத்துங்க. வாங்கறவங்களுக்கு வழி விடுங்க."

"ஆறு பீர்."

கடைக்காரர் காதைக் குடைஞ்சுக்கிட்டார். "கூலிங்கா, சாதாவா?"

"சாதா போதும். அதுங்களுக்கு ஏற்கெனவே சளி... எனக்கு! எனக்குச் சளி."

வரிசையில இருந்தவங்கள்ல ஒருத்தர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயாவே வந்துட்டாருப்பா!"

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் இருபது கிண்ணத்துல ஊத்தி, செடிக்குச் செடி வெச்சார். விடியக் காலைல போய்ப் பாத்தா, அடேயப்பா! ஒரு இலையில ஒரு ஓட்டை புதுசா இல்ல. எல்லா நத்தையும் கிண்ணத்துக்குள்ள மப்புல மல்லாந்து கிடக்கு. ஒவ்வொண்ணா கரண்டியால எடுத்து, ப்ளக்... ப்ளக்... ப்ளக்... ஒரு வாளியில போட்டார். வாளி நிறைஞ்சுது. கிண்ணத்துல மிச்சம் இருந்ததை மண்ணுலயே கொட்டினார். பழைய ஓட்டை இலையையெல்லாம் கிள்ளி எறிஞ்சார். நடுவரம்மா பத்து மணிக்குத்தான் வருவாங்க, அதுக்குள்ள வாளியை மறைச்சிடலாம்னு நினைச்சார்.

கிர்ர்ர். கேட் திறந்துச்சு. மணி ஏழரை! பனி விலகிடுச்சுன்னு நடுவரம்மா சீக்கிரமே வந்துட்டாங்க. பெரிய கண்ணாடி, கையில நோட்டு.

அவர் என்ன பண்ணுவார் பாவம்? வாளி மேல ஒரு தட்டைப் போட்டு மூடி, அது மேல தொப்புனு உக்காந்துட்டார்.

"அருமைங்கய்யா, அருமை! எழுந்து வாங்க, சுத்திக் காட்டுங்க."

"நீங்களே பாருங்கம்மா."

நடுவரம்மா மூக்கை உறிஞ்சினாங்க. தோட்டம் பூரா அந்த வாடை. படிக்கட்டுல பாத்தா ஆறு காலி பாட்டில், சிப்பாய் மாதிரி வரிசையா நிக்குது.

"யாருங்க குடிச்சது?"

அப்போ பாரு, அம்பலவாணர் மனசுக்குள்ள தராசு ஆடுச்சு. நத்தைன்னு சொன்னா கோப்பை போச்சு. நான்தான்னு சொன்னா மானம் போச்சு. மானமா கோப்பையா, கோப்பையா மானமா... அந்த நேரம் பாத்து தட்டு இடுக்கு வழியா ஒரு நத்தை தெளிஞ்சு வெளிய வந்து, அவர் முதுகுல ஜில்லுன்னு ஏற ஆரம்பிச்சுது. அந்தப் பொடி நத்தைதான்.

"நான்தாம்மா குடிச்சேன்."

"ஆறும்?"

"ஆறும்."

"கொஞ்சம் எழுந்து நில்லுங்க பாப்போம்."

"முடியாதும்மா." அது ஒண்ணுதான் அன்னிக்கு அவர் சொன்ன உண்மை.

வேலிக்கு அந்தப் பக்கம் பிலோமினா டீச்சர் பல்லு விளக்கிக்கிட்டு நின்னாங்க. அவங்க கண்ணுக்கு அவர் முதுகு நல்லாத் தெரிஞ்சுது. நத்தை கழுத்துக்கிட்ட வந்தாச்சு. அவங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், போன வருஷத்துக்குப் பழி தீந்துடும். இவரும் திரும்பிப் பாத்தார். கண்ணாலயே கெஞ்சினார்.

டீச்சர் வாயைக் கொப்புளிச்சுத் துப்பிட்டு, மெதுவாச் சொன்னாங்க. "ஐயா சொல்றது நிஜந்தாங்க. தினமும் குடிக்கறார். பாவம், எங்களுக்கெல்லாம் தெரியும்."

தினமும்! நல்லாக் கேட்டுக்கோ. நத்தையைக் காட்டியிருந்தா கோப்பை மட்டும்தான் போயிருக்கும்.

நடுவரம்மா நோட்டைப் புரட்டினாங்க. "சட்டத்துல நத்தை பத்திதான் இருக்கு, குடி பத்தி ஒண்ணும் இல்ல. குடிச்சது மனுஷன்தானே, பூ இல்லையே. மத்த தோட்டமெல்லாம் பாத்துட்டேன், முதல் பரிசு உங்களுக்குத்தான். நாளைக்குக் காலைல இதே தோட்டத்துல பூவுக்கு நடுவுல நிக்க வெச்சு, கோப்பை குடுத்துப் போட்டோ எடுக்கறோம்."

அவங்க போனதும் கழுத்துல இருந்த பொடி நத்தையைப் பிடுங்கி, மறுபடி வாளியிலயே போட்டுத் தோட்டத்து மூலையில வெச்சார்.

தூங்கிட்டியா? ம்... இன்னும் கொஞ்சம்தான்.

அன்னிக்குச் சாயங்காலம் மது ஒழிப்புச் சங்கத்துக்காரங்க திபுதிபுன்னு வந்தாங்க. அடிக்கத்தான் வர்றாங்கன்னு அம்பலவாணர் கட்டிலுக்கு அடியில பூந்துட்டார். செயலாளர் கிருபாகரன் குனிஞ்சு பாத்துக் கண் கலங்கினார். "தலைவரே! பன்னெண்டு வருஷமா சங்கம் நடத்தறோம். ஒரு குடிகாரன்கூடத் திருந்தி வரல. நீங்களே வந்துட்டீங்க! வெளிய வாங்க. இன்னிக்கே திருந்திடுங்க. மேடை போட்டாச்சு, மைக் கட்டியாச்சு."

இல்லன்னு சொல்ல முடியுமா? சொன்னா, அப்போ பீரை யார் குடிச்சதுன்னு கேப்பாங்கல்ல? காருக்குள்ள ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. மேடையில உக்கார வெச்சாங்க. எத்தனை வருஷமா குடிச்சீங்கன்னு மைக்ல கேட்டாங்க. என்ன சொல்றதுன்னு தெரியாம, "நேத்துதான்..."னார். கூட்டம் "பாவம், நிதானமே இல்ல"ன்னு உச்சுக் கொட்டுச்சு.

அப்புறம் கழுத்துல ஒரு மாலை விழுந்துச்சு. தொப்! அவ்ளோ கனம். குனிஞ்சு பாத்தார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு டேலியா. செவப்பு, மஞ்சள், கத்திரிப்பூ நிறம்.

"கடை மாலை எதுக்கு? உங்க தோட்டத்துலயே இவ்ளோ பூ இருக்கேன்னு நம்ம பசங்க பறிச்சுட்டாங்க தலைவரே! ஒண்ணுகூட விடல!" கிருபாகரன் காதுல சொன்னார்.

அம்பலவாணர் ஓன்னு அழுதார். திருந்தி அழறார்னு கூட்டம் எழுந்து நின்னு கைதட்டுச்சு.

வீட்டுக்கு வந்தா உமையாள் பின்னிக்கிட்டு இருந்தாங்க. "பறிக்கலாமாம்மான்னு கேட்டாங்க. உங்களுக்குத்தானே மாலைன்னு கத்தரிக்கோலை நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

மறுநாள் போட்டோக்காரர் வந்தார். கோப்பை வந்துச்சு. வெறும் குச்சி குச்சியா நிக்கற தோட்டத்துக்கு நடுவுல, வாடின மாலையைப் போட்டுக்கிட்டு, வெள்ளிக் கோப்பையோட அவர் நின்னார். "சிரிங்கய்யா"ன்னாங்க. சிரிச்சார்னும் சொல்லலாம்.

அப்போ வாளியில இருந்த நத்தைங்களுக்கெல்லாம் போதை தெளிஞ்சுது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, விளிம்புல தலையை நீட்டிப் பாத்துச்சுங்க. ஒரு பூ இல்ல, ஒரு மொட்டு இல்ல. பொடி நத்தை, "பாட்டையா, நம்மளை விடப் பெரிய நத்தை ஏதோ வந்துட்டுப் போயிருக்கு"ன்னுச்சு. கிழட்டு நத்தை கொம்பை உள்ள இழுத்துக்கிட்டு, "அதுங்களோட நமக்குக் கட்டுப்படியாகாதுடா, வா போலாம்"னுச்சு. மூட்டை கட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, பூட்டறதுக்கு வீடும் இல்ல. சளக்... சளக்... சளக்னு சரிவுல இறங்கிப் போயிடுச்சுங்க.

கதையும் ஊர்ந்து ஊர்ந்து மலை இறங்கிப் போச்சு. உன் கண்ணும் சொக்கிப் போச்சு. போர்வையை இழுத்துக்கோ பாப்பா.