டொக்குக்கால்

இலுப்பைக் காட்டுக் குளக்கரையில் ஆமை டீச்சர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தி வந்தது. மதியம் குட்டிகள் எல்லாம் தண்ணீர் குடிக்கக் குனியும். புள்ளி என்ற சருகுமான் குட்டி மட்டும் காவல் நிற்கும். ஆபத்து வந்தால் காலால் தரையை 'டொக் டொக்' என்று தட்டும். சருகுமான்களின் வழக்கம் அது.

அதே பள்ளியில்தான் கருவாயன் என்ற காட்டுப்பன்றிக் குட்டியும் படித்தது. பாவம், வீட்டில் அது படாத பாடு பட்டது. கிழங்கு தோண்டப் போனால் அண்ணன்கள் முட்டித் தள்ளும். "போடா நோஞ்சான்! மிச்சம் இருந்தா வந்து தின்னு!" என்று விரட்டும். திருப்பி ஒரு வார்த்தை பேசத் தைரியம் வராது. அரை வயிறோடு பள்ளிக்கு வரும்.

ஒருநாள் அந்த எரிச்சலையெல்லாம் புள்ளிமேல் காட்டியது. "ஏய் டொக்குக்கால்! என்ன, மாவு இடிக்கிறியா?"

குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. அடடா! கருவாயனுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் விடுமா? தினமும் அதே கேலிதான். புள்ளி காலைச் சருகுக்குள் ஒளித்துக்கொள்ளப் பழகியது.

கருவாயனின் குட்டித் தங்கை செவலையும் பள்ளியில் சேர்ந்தது. வீட்டில் கருவாயனிடம் பாசமாக இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

அன்று மதியம் செவலை குளத்தில் வாய் வைத்தது. பக்கத்துப் புதரில் சிறுத்தையின் வால் அசைந்தது. புள்ளி பார்த்துவிட்டது! காலைத் தூக்கியது. கருவாயன் இளிக்கத் தயாராக நிற்பதையும் பார்த்தது. தூக்கிய காலை மெல்ல இறக்கிவிட்டது.

சிறுத்தை பாய்ந்தது! செவலை அலறியபடி ஆழத் தண்ணீரில் விழுந்து எப்படியோ உயிர் தப்பியது. ஆனால் சிறுத்தை கடித்த பின்னங்கால் போனது போனதுதான்.

"உனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ஏன் தட்டல?" என்று கருவாயன் புள்ளியிடம் கத்தியது.

"தட்டினா நீ சிரிப்பியே!" என்று புள்ளி அழுதது.

கருவாயன் புள்ளியை உற்றுப் பார்த்தது. அண்ணன்கள் முன்னால் தான் நடுங்கி நிற்பதுபோலவே புள்ளி தன் முன்னால் நின்றது. இத்தனை நாள் இது கண்ணில் படவில்லையே!

"தப்பு என்மேலதான். இனிமே தட்டு புள்ளி, நான் சிரிக்க மாட்டேன்."

"எனக்குக் காலே எழும்ப மாட்டேங்குது, கருவாயா."

மறுநாளிலிருந்து கருவாயனே காவல் நின்றது. கனத்த குளம்பால் தரையைத் தட்டிப் பார்த்தது. "ஏய் டொக்குக்கால்!" என்று குட்டிகள் சிரித்தன. அதுவே கற்றுக்கொடுத்த பேர்தானே! கருவாயன் தலை குனிந்துகொண்டு தட்டிக்கொண்டே இருந்தது. காயம் ஆறியதும் செவலை நொண்டி நொண்டி வந்து தண்ணீர் குடித்தது.

நமக்கு ஒருவர் கொடுத்த வலியை நம்மைவிட எளியவர்மேல் இறக்கி வைத்தால், அது சுற்றிச் சுற்றி நம் வீட்டு வாசலுக்கே வந்து சேரும்.