ஆள்காட்டிகளுக்கு ஓர் இடம்

பெரிய ஏரியில் ஆள்காட்டிப் பறவைகளுக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் குற்றவாளியும் மாறிவிடுவார்.

முதலாவது, ஏரி நடுவே இருந்த திட்டைக் கொக்குகளும் நாரைகளும் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டன. யாரும் கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டன.

இரண்டாவது, அந்தத் திட்டில் ஒரு பள்ளிக்கூடம் வைத்தன. கோடையில் ஏரி வற்றிப்போனால் மலைக்கு அப்பால் எங்கே தண்ணீர் இருக்கும், எந்த வழியாகப் பறக்க வேண்டும் என்பதை அங்கேதான் சொல்லிக்கொடுத்தார்கள். தரையில் முட்டையிடும் பறவைகளின் குஞ்சுகளுக்கு அங்கே இடம் இல்லை என்றார்கள்.

மூன்றாவது, ஏன் இல்லை என்று ஆள்காட்டிகள் கேட்டபோது, யார் வேண்டுமானாலும் வரலாம், மரக்கிளையில் உட்காரத் தெரிந்தால் போதும் என்று பதில் வந்தது. ஆள்காட்டியின் காலுக்குக் கிளையைப் பிடிக்க வராது. அது கேட்டவர்களுக்கும் தெரியும், சொன்னவர்களுக்கும் தெரியும்.

நான்காவது, தேர்வு. இது வந்த கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

வேம்பி என்று ஓர் ஆள்காட்டி இருந்தாள். கிளை நிபந்தனையை எதிர்த்துக் கரை முழுவதையும் திரட்டியவள் அவள்தான். ஒரு பருவம் முழுக்க, கொக்கு எங்கே மீனுக்குக் குறி வைத்தாலும் அங்கே போய் நின்று கத்தினாள். அவளோடு சேர்ந்து எல்லா ஆள்காட்டிகளும் கத்தின. கொக்குகள் இளைத்தன. கடைசியில் பெரிய நாரை இறங்கி வந்தார். கிளை நிபந்தனையை எடுத்துவிட்டோம், இனி எல்லோருக்கும் பொதுவாக ஒரே தேர்வு என்று அறிவித்தார்.

தேர்வு இதுதான். குஞ்சுகள் வரிசையாக நிற்க வேண்டும். தலைக்கு மேல் இரண்டு முறை நிழல் போகும். அசையாமல், சத்தம் போடாமல் நிற்கும் குஞ்சு தேறியது. தேறியவர்களில் ஆள்காட்டிகளுக்கு என்று ஓர் இடம், அதுவும் அவர்களில் மிக நன்றாக நின்ற குஞ்சுக்கு.

கொக்குக்குப் பிறவி வேலையே தண்ணீரில் அசையாமல் நிற்பது. ஆள்காட்டிக்குப் பிறவி வேலையே ஆபத்தைக் கண்டால் கத்துவது. கொக்கின் பழக்கத்துக்குத் தகுதி என்று பெயர் வைத்தார்கள். ஆள்காட்டிகளோ ஓர் இடமாவது கிடைத்ததே என்று இறக்கை தட்டின. வேம்பியும் தட்டினாள். வென்ற களைப்பில் இருந்தவளுக்கு அது அநியாயமாகத் தெரியவில்லை.

போன கோடையில் குட்டைச் சேறு வெடித்தபோது வேம்பியின் இரண்டு குஞ்சுகள் தாகத்தில் செத்துப்போயின. இந்தப் பருவத்தில் ஒரே ஒரு குஞ்சுதான் பொரித்தது. எழினி என்று பெயர் வைத்தாள். முட்டை ஓடு ஒட்டிய ஈரம் காய்வதற்குள், அந்த ஓர் இடம் இவளுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டாள்.

கரையோரம் மடையான் இனத்துக் கொக்கு ஒருவர் பயிற்சி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அவர் குஞ்சாக இருந்தபோது நடந்த முதல் தேர்வில் நின்று தேறாதவர். அதனாலேயே தேர்வின் நெளிவு சுளிவு எல்லாம் தனக்கு அத்துப்படி என்று சொல்லிக்கொள்வார். வகுப்புக்குக் கூலியாக நத்தை கொண்டுவர வேண்டும். குஞ்சுகளைச் சேற்றில் நிறுத்திவிட்டு அவற்றின் தலைக்கு மேல் இறக்கையை விரித்துப் பறப்பார். கத்திய குஞ்சுக்கு அன்றைக்கு இரை இல்லை.

முதல் நாள் எழினி கத்தினாள். இரண்டாம் நாளும் கத்தினாள். வாத்தியார் வேம்பியைக் கூப்பிட்டு, குரல் கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, யார் வழி என்று கேட்டார். வேம்பி தலை குனிந்து நின்றாள். கொக்குக் கூட்டத்தையே நடுங்க வைத்த குரல் அது. அதற்காக அவள் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

அன்று முதல் கூட்டிலும் பயிற்சி தொடர்ந்தது. வேம்பியே மகளின் மேல் தாழப் பறந்து நிழல் காட்டினாள். எழினி வாயைத் திறந்தால் கொண்டுவந்த புழுவைத் தானே விழுங்கினாள். மகள் பசியோடு பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் எழினி கேட்டாள். "அம்மா, நிழல் வந்தா கத்தக் கூடாது, சரி. நெஜமாவே கீரி வந்தா?"

"நீ ஏன் அதைப் பத்திக் கவலைப்படுற? கீரி வந்தா நான் கத்துவேன். நீ நில்லு, போதும்."

பக்கத்துக் கூட்டுச் சடையனின் மகன் மாயனும் அதே வகுப்பில்தான் இருந்தான். கெட்டிக்காரன். வந்த மூன்றாம் நாளே கல் மாதிரி நின்றான். எழினியும் நிற்கப் பழகிவிட்டாள். இருக்கும் இடம் ஒன்று, நன்றாக நிற்கும் பிள்ளைகள் இரண்டு. ஒன்றாகக் கத்திப் போராடிய சடையனும் வேம்பியும் இப்போது எதிரே பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். யார் பிள்ளைக்கு யார் என்ன இரை கொடுக்கிறார்கள் என்று ஒருவர் கூட்டை ஒருவர் வேவு பார்த்தார்கள். கொக்குகள் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

தேர்வு நெருங்கியபோது மடையான் வாத்தியார் ஒரு யோசனை சொன்னார். குஞ்சுகள் வகுப்பில் நன்றாக நிற்கின்றன, வீட்டுக்குப் போனால் கெட்டுவிடுகின்றன. நாள் முழுக்கப் பெரியவர்கள் கத்துவதைக் கேட்டால் குஞ்சும் கத்தத்தானே செய்யும்? எனவே தேர்வு முடியும் வரை கரையில் யாரும் கத்தாமல் இருந்தால் நல்லது.

இதைக் கூடு கூடாகப் போய்ச் சொன்னது யார் தெரியுமா? வேம்பிதான். பிள்ளைகளின் எதிர்காலம், கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று இறக்கை கூப்பிக் கேட்டாள். குஞ்சு இல்லாத கிழட்டு ஆள்காட்டி ஒருத்தி மட்டும் சிரித்தாள்.

"ஏண்டி வேம்பி, அன்னைக்கு எங்களை எல்லாம் கத்தச் சொல்லித் தொண்டைய புண்ணாக்கின. இன்னைக்கு மூடச் சொல்ற. எங்க வாய் உங்க வீட்டுக் கதவா?"

வேம்பி அடுத்த கூட்டுக்குப் போனாள்.

கரை அடங்கியது. பூமியில் ஆள்காட்டிகள் தோன்றிய நாள் முதல் கேட்காத அமைதி அது. கொக்குகள் நிம்மதியாக மீன் பிடித்தன. நாணல் புதருக்குள் படுத்திருந்த கீரி காதைத் தூக்கிப் பார்த்தது. இத்தனை வருடமாகப் புதரை விட்டுத் தலையை நீட்டினாலே ஊரைக் கூட்டும் கரை இது. ஒரு நாள் தலையை நீட்டிப் பார்த்தது. மறுநாள் நாலு அடி நடந்து பார்த்தது. ஒரு சத்தமும் இல்லை. கீரிக்குப் பயிற்சி வகுப்பு தேவைப்படவில்லை, தானே புரிந்துகொண்டது.

தேர்வு நாள் வந்தது. கரையில் குஞ்சுகளை வரிசையாக நிறுத்தினார்கள். கொக்குக் குஞ்சுகள் தண்ணீர்ப் பக்கம், ஆள்காட்டிக் குஞ்சுகள் புதர்ப் பக்கம். வரிசையின் கடைசியில் மாயன். அவனுக்குப் பக்கத்தில் எழினி. பெற்றோர்கள் ஒரு வரப்புக்குப் பின்னால் நிற்க வேண்டும். பெற்றோர் சத்தம் போட்டால் பிள்ளையின் பெயர் நீக்கப்படும் என்று பெரிய நாரை சொல்லிவிட்டார்.

நிழல் போனது. ஒரு குஞ்சும் அசையவில்லை. இரண்டாம் முறையும் போனது. ஆள்காட்டிகளில் ஒரு குஞ்சு முனகிவிட்டது. அதை வெளியே அனுப்பினார்கள்.

அப்போதுதான் வேம்பி பார்த்தாள். வரப்பிலேயே மேடான இடத்தில் அவள் நின்றிருந்தாள், அதனால் முதலில் அவள் கண்ணில்தான் பட்டது. நாணல் விலகியது. கீரி வயிற்றைத் தரையில் இழைத்துக்கொண்டு வந்தது.

அவள் அலகு திறந்தது. ஆள்காட்டி கத்தினால் குஞ்சுகள் அப்படியே மண்ணில் படுத்துவிடும். படுத்த குஞ்சை மண்ணிலிருந்து பிரித்துப் பார்க்க எந்தக் கீரியாலும் முடியாது. ஒரே ஒரு கத்தல் போதும்.

ஆனால் கத்தினால் எழினியின் பெயர் நீக்கப்படும். இந்த வருடம் புதிதாக ஏதாவது காட்டினாலும் காட்டுவார்கள் என்று வாத்தியார் சொல்லியிருந்ததும் நினைவுக்கு வந்தது. இது தேர்வாகவே இருக்கலாம். எழினி உள்ளே நிற்கிறாள், கடைசியில் நிற்பது அவள் இல்லை. இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் வேம்பியின் மனதில் ஓடின. அலகு மூடிக்கொண்டது.

மாயன் கீரியைப் பார்த்தான். சொல்லிக்கொடுத்தபடி நின்றான்.

கீரி அவனைக் கவ்வியதும் முதலில் பறந்தவை கொக்குகள்தான். மேற்பார்வை பார்த்த கொக்குகள், தேர்வுக்கு வந்த கொக்குக் குஞ்சுகள், பெரிய நாரை, எல்லாரும் மரத்துக்குப் போய்விட்டார்கள். கீரி புதருக்குள் மறைந்த பிறகு வரிசையில் ஆள்காட்டிக் குஞ்சுகள் மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தன.

சடையன் ஓடினான், புதரைச் சுற்றிச் சுற்றிப் பறந்தான், திரும்பி வந்தான். அவன் வேம்பியைத் திட்டவில்லை. பக்கத்தில் வந்து நின்று ஒன்றுதான் கேட்டான்.

"நீ மேட்டுல இருந்த. பாத்தியா?"

"பாத்தேன் சடையா."



பெரிய நாரை கிளையில் இருந்தபடியே வருத்தம் தெரிவித்தார். நடந்தது துயரம்தான், ஆனால் இரண்டு நிழலும் போய்த் தேர்வு முறைப்படி முடிந்துவிட்டது, அதற்குப் பின் நடந்தவை கணக்கில் வராது என்றார். கொக்குக் குஞ்சுகள் பறந்ததும் கணக்கில் வராது என்று அதற்கு அர்த்தம். முடிவை வெயில் தாழ்ந்ததும் எல்லோர் முன்னாலும் படிப்போம் என்றார்.

எழினி அம்மாவிடம் ஓடி வந்தாள்.  அவள் கண் பளபளத்தது.

"அம்மா, நானும் பாத்தேன். என் பக்கத்துலதான் வந்துச்சு. மாயனைக் கவ்வினப்ப கூட நான் அசையல. கத்தவே இல்ல. நல்லா நின்னேன்ல?"

வேம்பி மகளைப் பார்த்தாள். இந்த வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நாள் புழுவைக் காட்டிக் காட்டி விழுங்கினாள். நல்லா நின்னேன்ல. அவள் எதிர்பார்த்தபடியே பிள்ளை ஆகிவிட்டாள். கொக்குகூடப் பறந்துபோன இடத்தில், ஓர் ஆள்காட்டிக் குஞ்சு, தன் கூட்டாளி சாவதைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டு நின்று, அதற்குப் பாராட்டுக் கேட்கிறது.

"இனிமே எது வந்தாலும் கத்துடி" என்றாள் வேம்பி. "நிழல் வந்தாலும் கத்து. தப்பாப் போனாலும் பரவால்ல, கத்து."

எழினிக்குப் புரியவில்லை. அழத் தொடங்கினாள். அழுகை சத்தமாகவே வந்தது. வேம்பி தடுக்கவில்லை.

வெயில் தாழ்ந்தது. கரை முழுவதும் பறவைகள் கூடின. பெரிய நாரை கிளையில் நின்று கொக்குக் குஞ்சுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆள்காட்டிகளுக்கான ஓர் இடம். வேம்பியின் மகள்..."

"நிறுத்துங்க ஐயா."

வேம்பி வரப்பைத் தாண்டி முன்னால் வந்தாள். பழைய குரலில்தான் பேசினாள். ஏரியின் அக்கரையிலும் அது கேட்டது.

"இரண்டாவது நிழல் வரைக்கும் நின்னவங்களுக்கு இடம்னு சொன்னது நீங்கதானே? மாயன் நின்னான். அதுக்கு அப்புறமும் நின்னான். கீரி வாய்க்குள்ள போற வரைக்கும் நின்னான். உங்க விதிப்படி அவனைவிட நல்லா நின்னது யாரு?"

இல்லாத பிள்ளைக்கு எப்படி இடம் கொடுப்பது என்று நாரை கேட்டார்.

"அவன் ஏன் இல்ல? நான் பாத்தும் கத்தல, அதனால இல்ல. என் மகளுக்கு இடம் வேணும்னு வாயை மூடினேன். கத்துற எங்க குலத்துக்கு வாயை மூடறதுதான் தகுதின்னு நீங்க வச்சீங்க. அதை நம்பிப் பிள்ளை வாயையும் ஊர் வாயையும் மூடினது நான். அந்த இடத்துல என் மகள் பேரைப் படிச்சா, அவளுக்குத் தண்ணிக்கு வழி தெரியும். எந்த வழியா அந்த இடம் வந்ததுன்னு தெரியாது. அவன் பேரைப் படிங்க. எல்லாரும் கேக்கட்டும்."

சடையன் வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவனுக்குப் பின்னால் கிழவி வந்தாள். பிறகு ஒவ்வோர் ஆள்காட்டியாக வரப்பைத் தாண்டி வந்தது. யாரும் கத்தவில்லை. ஆனால் எல்லா அலகுகளும் திறந்திருந்தன. கொக்குகளுக்கு அந்தப் பழைய பருவம் நினைவுக்கு வந்தது. பெரிய நாரை அங்கும் இங்கும் பார்த்தார். தப்பிக்க வழி இல்லை.

பிள்ளைக்கு வாழ்வு தேடுவதாகச் சொல்லி அதன் இயல்பான குரலை அடக்கும் பெற்றோர், கிடைத்த இடத்தில் தங்கள் பிள்ளையைக் காண மாட்டார்கள்.

கரை முழுவதும் சாட்சியாக நிற்க, நாரை அந்தப் பெயரை உரக்கப் படித்தார்:

"சடையன் மகன் மாயன்."